பழைய அலுமினியப் படகின் டிரான்ஸத்துக்கு வெஸ்ட் சிஸ்டம் 209: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

இந்த ஆண்டு பிப்ரவரியில் என் 14 அடி அலுமினியப் படகின் டிரான்ஸத்தைப் பிரித்து, உள்ளே இருந்த பலகையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன். பலகைக்குப் பூசியது வெஸ்ட் சிஸ்டம் எபாக்சி: 105 ரெசின், அதோடு கலந்து அதை இறுக வைக்கும் 209 ஹார்டனர். இப்போது அக்டோபர். இடையில் கிட்டத்தட்ட வாரம் ஒரு தடவை சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து உபின் தீவுப் பக்கம் போய் வந்திருக்கிறேன். போன வாரம் எஞ்சினை இறக்கி, ஒரு போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பூசி ஒரு வாரத்தில் எழுதும் விமர்சனத்தை நானே நம்புவதில்லை.

படகு வைத்திருக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரான்ஸம் என்பது படகின் பின்பக்கச் சுவர், எஞ்சின் தொங்கும் இடம். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க அலுமினியம் போலத்தான் இருக்கும். ஆனால் என்னுடையது மாதிரி ரிவெட் அடித்த பழைய படகுகளில் அந்தத் தகட்டுக்கு உட்பக்கம் ஒன்றரை அங்குலத் தடிமனுக்குப் பிளைவுட் இருக்கும், எஞ்சினைத் தாங்குவது அதுதான். என் 15 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சும்மா நிற்கும்போது அது ஒரு பெரிய கனமில்லை. திராட்டிலைத் திறந்தால்தான் விஷயம், எஞ்சின் மொத்தப் படகையும் அந்தப் பலகையைப் பிடித்துத்தான் தள்ளுகிறது, பெரிய கப்பல் கிளப்பிய அலையில் படகு குதித்து விழும்போது ஒவ்வொரு அடியும் அதே பலகையில்தான் இறங்குகிறது.

இது அப்பா வாங்கிய படகு. இதை விற்றுவிட்டு ஃபைபர் படகு ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லாதவர்கள் குறைவு. பக்கவாட்டில் அப்பா கையால் இழுத்த நீலக் கோடு இன்னும் இருக்கிறது, எனக்கு விற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2021இல் ஒரு பட்டறையில் கொடுத்துப் பலகையை மாற்றினேன். பெயர் வேண்டாம். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார்கள், பார்க்கவும் சுத்தமாகத்தான் இருந்தது. போன ஆண்டு இறுதியில் எஞ்சினைத் தூக்கி நிறுத்தும்போது டிரான்ஸம் லேசாக அசைவது போலத் தெரிந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன், அது தப்பு, நடுக்கடலில் ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரை அழைத்துவந்து காட்டினேன். ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் டிரான்ஸத்தை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. நடுவில், போல்ட் ஓட்டைகளுக்குக் கீழே வந்ததும் சத்தம் அப்படியே அமுங்கிவிட்டது, தலையணையைத் தட்டுவது மாதிரி.

“கேட்டுச்சா தம்பி? போல்ட்டுக்குக் கீழதான் செத்துப் போயிருக்கு.”

“ஓரமெல்லாம் நல்லாத்தானேண்ணே இருக்கு?”

“ஓரத்துல பெயிண்ட் இருக்கு. ஓட்டைக்குள்ள யாரு பெயிண்ட் அடிச்சா?”

பிரித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. பலகையின் இரண்டு பக்கமும் நல்ல தடிமனாகப் பெயிண்ட். ஓட்டைகளின் உள்சுவர் மட்டும் எதுவும் பூசாத வெறும் மரம். அதற்கு மேல் பாத்ரூம் சிலிகோனை ஒரு பிதுக்கு பிதுக்கி போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஒவ்வொரு போல்ட் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது, இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாதபடி அந்தப் பெயிண்ட்டே தடுத்து வைத்திருக்கிறது. விரலால் குத்தினால் பலகை கோப்பியில் முக்கிய ரொட்டி போல உள்ளே போனது.

அதைவிட என்னை வருத்தியது வேறு. பலகை பூச்சிமருந்து ஏற்றியது, வெட்டிய இடத்தில் லேசான பச்சை தெரிந்தது. இந்த மாதிரி மரத்தில் ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டி உட்கார்ந்தால் அலுமினியம்தான் கரையும், உப்புத் தண்ணீரென்றால் இன்னும் சீக்கிரம். பலகை தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் தகட்டில் வெள்ளைப் பொடி. துடைத்தால் அடியில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். கரையானுக்கும் பூஞ்சைக்கும் பயந்து மருந்தடித்த பலகை வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அலுமினியப் படகுக்குத் தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டு வேலிக்கு அது நல்ல பலகை, இங்கே அது தகட்டையே தின்றுவிடும். அந்தச் சிலிகோனும் அப்படித்தான். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை அமிலத்தை விடும், உலோகத்துக்கு ஆகாது.

சரி, இனி பொருளுக்கு வருகிறேன்.

105 ரெசினுக்குப் பல ஹார்டனர்கள் உண்டு. 205 வேகமாக இறுகும், 206 நிதானம், 209 மிகவும் நிதானம், சூடான ஊர்களுக்கென்றே செய்தது. கடையில் 205தான் முதலில் கையில் கொடுத்தார்கள். சிங்கப்பூர் வெயிலில் அதை வைத்து இவ்வளவு பெரிய பலகையைப் பூச நினைக்கவே வேண்டாம். 209க்கு 22 டிகிரியில் கோப்பைக்குள் 40 முதல் 50 நிமிடம் வரை நேரம் உண்டு என்று தாளில் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் 31, 32 டிகிரி, ஆகவே பாதியாக வைத்துக்கொண்டு வேலை செய்தேன், அது சரியாக வந்தது. கலக்கும் அளவிலும் கவனம் வேண்டும். 205, 206 இரண்டுக்கும் ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர், 209க்கு மூன்றுக்கு ஒன்று. அளந்து ஊற்றும் பம்ப் வாங்கினால் 209க்கான பம்ப்பா என்று பார்த்து வாங்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றுவது பெயிண்ட் கலப்பவர்களின் பழக்கம், எபாக்சியில் அப்படிச் செய்தால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

முதல் நாள் ஆர்வத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா நிறையக் கலந்துவிட்டேன். பாதி பூசுவதற்குள் டப்பா கையில் பிடிக்க முடியாத சூடாகி, புகை வர ஆரம்பித்து, அடிப்பாகம் நெளிந்துவிட்டது. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு வரும், ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூடு வெளியேற முடியாது, சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்தவுடன் தட்டையான அலுமினியத் தட்டில் ஊற்றிவிட்டேன். பிரச்சினையே இல்லை.

பலகை சுங்கை காடுட்டில் வாங்கியது, 18 மி.மீ. மரைன் பிளைவுட், பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையோடு. மரைன் பிளைவுட் என்றால் அழுகாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதில் பசை தண்ணீருக்குப் பிரியாது, உள்ளடுக்குகளில் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். மரம் மரம்தான், ஈரம் போனால் அழுகும். பழைய பலகை உதிர்ந்துபோனதால் அதை வைத்து அளவு எடுக்க முடியவில்லை. அட்டைப்பெட்டியை வெட்டி டிரான்ஸத்துக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, அந்த அட்டையைப் பலகையில் வைத்துக் கோடு போட்டேன். இரண்டு பலகைகளை எபாக்சியால் ஒட்டினால் 36 மி.மீ., பூச்சும் சேர்ந்து பழைய 38க்கு அருகில் வந்து, மேலே மூடும் அலுமினியக் காப்புக்குள் சரியாக உட்கார்ந்தது. ஒட்டும்போது கிளாம்ப்பை முழு பலத்தோடு முறுக்க வேண்டாம். எபாக்சிக்கு நடுவில் கொஞ்சம் தங்க இடம் வேண்டும், மரப்பசை மாதிரி பிழிந்து எடுத்துவிட்டால் ஒட்டு வறண்டுபோகும். ஓரத்தில் சிறு மணிகளாகப் பிதுங்கினால் போதும்.

பூசும் நேரத்தைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். காலையில் பூசினேன். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். மரத்துக்குள் இருக்கும் காற்று வெயில் ஏற ஏற விரிந்து, இறுகாத எபாக்சி வழியாக வெளியே வருகிறது. அடுத்த பூச்சைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பூசினேன், மரம் ஆறிக்கொண்டு வரும் நேரம். காற்று உள்ளே சுருங்கும்போது எபாக்சியையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. பலகையின் வெட்டிய ஓரங்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தூரிகையால் தடவியதும் பளபளக்கும், கைபேசியை எடுத்து ஒரு செய்தியைப் படித்துவிட்டுத் திரும்பினால் மங்கியிருக்கும், குடித்துவிட்டது. மறுபடி தடவினால் மறுபடி மங்கும். என் பலகையில் ஓரங்கள் ஐந்து தடவை குடித்தன, ஆறாவது தடவைதான் பளபளப்பு நின்றது. தட்டையான பரப்புக்கு மூன்று பூச்சே தாராளம். இருக்கும் எபாக்சியைப் பரப்பில் கொட்டித் தீர்த்துவிடாமல் ஓரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

209இல் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. இறுகிய பிறகு மேலே மெழுகு தடவியது மாதிரி ஒரு வழவழப்பு வரும், நம் ஊர் ஈரக்காற்றில் அது நிறையவே வரும். பொருள் கெட்டுப்போனதால் வருவதில்லை, ஹார்டனரின் இயல்பு அது. அதன் மேலேயே அடுத்த பூச்சைப் போட்டால் பின்னால் உரியும். சாண்ட் பேப்பரால் நேராகத் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், அந்த மெழுகையே பரப்புக்குள் தேய்த்தது போலாகிவிடும். தண்ணீரில் கரையும் பொருள் என்பதால் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பும் போதும். கழுவி, துடைத்து, காயவிட்டு, பிறகு தேயுங்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி, முந்தைய பூச்சு விரல் பட்டால் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிடுவது. அப்போது இரண்டும் ஒன்றாகவே இறுகிவிடும். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பது கஷ்டம். எனக்கு ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது.

இனி ஓட்டைகள். என்னைப் பொறுத்தவரை இந்த விமர்சனமே இதற்காகத்தான். போல்ட் 8 மி.மீ. என்றால் பலகையில் முதலில் 14 மி.மீ. ஓட்டை போட்டேன். பின்பக்கம் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்சியை ஒரு சின்னத் தூரிகையால் ஓட்டையின் உள்சுவர் முழுக்கத் தடவி, அது குடிக்கும் வரை குடிக்கவிட்டேன். அப்புறம் எபாக்சியில் 404 என்ற நிரப்புத் தூளைக் கலந்து காயா ஜாம் மாதிரிக் கெட்டியாக்கி, காற்றுக்குமிழ் தங்காமல் அடியிலிருந்து நிரப்பினேன். இரண்டு நாள் கழித்து, சரியாக நடுவில் 8 மி.மீ. ஓட்டை. இப்போது போல்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று மி.மீ. எபாக்சிக் குழாய் இருக்கிறது. வெளியே சீலண்ட் என்றைக்காவது விட்டுப் போனாலும் உள்ளே வரும் தண்ணீர் மரத்தைத் தொடாது. எஞ்சின் போல்ட், படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பிளக் ஓட்டை, மீன் தேடும் கருவியின் (ஃபிஷ் ஃபைண்டர்) உணரியைப் பிடிக்கும் அந்தக் குட்டி ஸ்குரூ ஓட்டை உட்பட எதையும் விடவில்லை. மொத்தம் 19. ஒரு முழு நாள் பிடித்தது. பட்டறையில் கொடுத்தால் இந்த ஒரு நாள் வேலையைத்தான் முதலில் விழுங்குவார்கள், ஏனென்றால் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது.

இது உண்மையிலேயே பிரயோஜனமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. மீந்த பிளைவுட்டில் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டுக்கும் மூன்று பூச்சு கொடுத்தேன். ஒன்றில் மட்டும் பூசி முடித்த பிறகு நடுவில் ஒரு 8 மி.மீ. ஓட்டை போட்டு அப்படியே விட்டேன். சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொண்டு, வாளியில் கல்லுப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டையும் அமுக்கி வைத்தேன், கொசு முட்டை போடாமலிருக்க இறுக்கமான மூடி போட்டு. மூன்று வாரம் கழித்து எடுத்து நிறுத்தேன். ஓட்டையில்லாத துண்டு 261 கிராம், வைத்தபோதும் அதேதான். ஓட்டை போட்டது 258இலிருந்து 287க்குப் போயிருந்தது, அறுத்துப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து ஈரம் பரவியிருந்தது. பூச்சு இரண்டிலும் ஒன்றுதான், ஒரே ஒரு ஓட்டை அவ்வளவு குடித்திருக்கிறது. அந்தத் துண்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், “இதத்தான் தம்பி அன்னைக்குத் தட்டிக் காட்டுனேன்” என்று பதில் வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகட்டிலிருந்த குழிகளை அதே நிறுவனத்தின் ஜி/ஃபிளெக்ஸ் எபாக்சி வைத்து அடைத்தேன். அலுமினியத்தைத் தேய்த்த சில நிமிடத்திலேயே மறுபடி ஆக்சைடு படிந்துவிடும் என்பதால், ஈர எபாக்சியைத் தடவி, அதன் மேலேயே சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும், அப்போதுதான் நன்றாகப் பிடிக்கிறது. பலகையைத் தகட்டோடு எபாக்சியால் ஒட்டவில்லை, என்றைக்காவது பிரிக்க வேண்டி வந்தால் தகடும் கிழியும். போல்ட்டுகள் 316 ஸ்டெயின்லெஸ், அலுமினியத்தைத் தொடும் இடத்தில், இரண்டு உலோகமும் சேர்ந்து அரிக்காமல் தடுக்கும் டெஃப்-ஜெல் தடவினேன். போல்ட் தலைகளுக்கு அடியில் 3எம் 4200 சீலண்ட். 5200ஐச் சிலர் சொன்னார்கள், அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், கழற்றிப் பார்க்க வேண்டிய இடத்துக்கு எனக்கு 4200தான் சரியாகப் பட்டது. பழைய டிரெயின் குழாய் பித்தளை, அதிலும் செம்பு இருப்பதால் அதைத் தூக்கிப்போட்டுப் பிளாஸ்டிக் வைத்துவிட்டேன். எபாக்சிக்கு வெயில் ஆகாது, வெளியே தெரியும் இடத்துக்குப் பெயிண்ட் அவசியம். கையுறை போடாமல் ஒரு நாளும் தொடாதீர்கள், தோல் ஒருமுறை ஒவ்வாமை காட்டிவிட்டால் அப்புறம் வாடை பட்டாலே அரிக்கும் என்று அண்ணன் தன் பட்டறைக்காரர் ஒருவரைச் சொல்லி எச்சரித்தார்.

விலை அதிகம்தான். ஹார்ட்வேர் கடையில் சின்னக் குழாயில் விற்கும் எபாக்சியோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் பலகை, எபாக்சி, போல்ட் எல்லாம் சேர்த்தும், இதே வேலைக்கு ஒரு பட்டறை கேட்ட வெள்ளியில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. செலவானது நேரம்: நான்கு வார இறுதிகள். பிப்ரவரியில் மழை குறைவு என்று பார்த்து ஆரம்பித்தேன், நவம்பர் டிசம்பரில் இதைத் தொட்டால் பலகை காயவே காயாது. வீவக அடுக்குமாடி வீட்டில் வைத்துச் செய்யவும் முடியாது, தூசிக்கும் வாடைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம். படகு நிறுத்தும் இடத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அனுமதி வாங்கித் தார்ப்பாய் கட்டிச் செய்தேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, மெழுகைக் கழுவிக் கழுவிப் போன இரண்டு சாயங்காலங்களுக்கு. ஒரு சின்ன அழுகலை ஒட்டுப்போட மட்டும் நினைக்கிறவர்களுக்கு இவ்வளவு பொருள் வேண்டியதில்லை. ஆனால் தட்டும்போது சத்தம் அமுங்குகிற டிரான்ஸம் என்றால் ஒட்டு எதுவும் நிற்காது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் கழற்றியது மேலிருந்து இரண்டாவது போல்ட், முன்பு மோசமாக அழுகியிருந்த இடத்துக்கு நேர் மேலே உள்ளது. 4200 லேசான இழுப்போடு விட்டது. ஒரு காதுக்குச்சியில் டிஷ்யூ சுற்றி உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். டெஃப்-ஜெல்லின் வெள்ளைக் கறை மட்டும் ஒட்டியிருந்தது, டிஷ்யூ காய்ந்தே இருந்தது. புது சீலண்ட் வைத்துப் போல்ட்டை மாட்டிவிட்டு, அண்ணனிடமிருந்து கற்றபடி ஸ்குரூ டிரைவர் பிடியால் ஓரத்திலிருந்து நடுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்.